முடிக்காமல் விட்ட விளையாட்டு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கிய ஒரு காரியத்தை நாம் முடித்தோம். அது ஆய்வுக் கட்டுரை அன்று, பட்டமும் அன்று. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்னும் கணினி விளையாட்டு. தொடங்கியது 1995இல். இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

உப்பைக் குறைப்பது, ஃபிஸ்டுலா கையைப் பேணுவது, மருந்தை நேரம் தவறாமல் உட்கொள்வது என்று இம்மடலில் வழக்கமாக எழுதிவரும் சிறுநீரக மருத்துவர், இம்முறை விளையாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்பு நம் டயாலிசிஸ் பிரிவில் ஓர் அம்மையார் நம்மை வழிமறித்து ஒரு முறையீடு வைத்தார்.

“டாக்டர், நீங்களாவது இவருக்குச் சொல்லுங்க. வயசு நாற்பத்தஞ்சு ஆகுது. காலேஜ் போற பையன் வீட்ல இருக்கான். இவரு இங்க படுத்துக்கிட்டு கேம் ஆடுறாரு. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

அவருடைய கணவர் மறுத்துப் பேசவில்லை. ஊசி குத்தியிருந்த இடக்கையை அசைக்காமல், வலக்கையால் மடிக்கணினியைப் பாதி மூடினார். பிறகு தணிந்த குரலில், “இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர் பாக்கி” என்றார்.

அன்று நாம் இருவருக்கும் சரியான விடை சொல்லவில்லை. அடுத்த வாரம் பேசுவோம் என்று நகர்ந்துவிட்டோம். இக்கட்டுரை அந்த விடைதான். இருவரின் சம்மதத்தோடும், அடையாளங்களை மாற்றியும் எழுதுகிறோம்.

நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை

முதலில் நம் கதை. நாம் படித்த பள்ளியில் கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். குளிரூட்டப்பட்ட அந்த அறையில் எட்டுக் கணினிகள் இருந்தன. பாடவேளை 45 நிமிடம். பயிற்சியை விரைவில் முடித்தவர்களுக்கு ஆசிரியர் மனமிரங்கினால் விளையாட அனுமதி கிடைக்கும். யாரோ ஒருவர் நெகிழ்வட்டில் கொண்டுவந்து படியெடுத்து வைத்த விளையாட்டு அது. அதனுடன் கையேடு எதுவும் வரவில்லை.

ஜோர்டான் மெக்னர் என்னும் அமெரிக்க இளைஞர் ஏறத்தாழத் தனியொருவராக உருவாக்கிய விளையாட்டு இது. 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கும், அடுத்த ஆண்டு டாஸ் கணினிகளுக்கும் வெளிவந்தது. தம் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் ஏறவும் செய்து வீடியோவில் படம்பிடித்து, அந்த அசைவுகளைச் சட்டம் சட்டமாகக் கணினிக்குள் வரைந்தார் மெக்னர். வாட்போரின் அசைவுகளை 1938ஆம் ஆண்டில் வெளிவந்த ராபின் ஹூட் திரைப்படத்திலிருந்து எடுத்துக்கொண்டார். இசை அமைத்தவர் அவருடைய தந்தை. அந்நாளில் மற்ற விளையாட்டுகளின் உருவங்கள் பொம்மைகளைப் போலத் துள்ளிக்கொண்டிருந்தபோது, இந்த இளவரசன் மட்டும் மனிதனைப் போல மூச்சுவாங்க ஓடினான்.

கதை எளியது. சுல்தான் போருக்குச் சென்றிருக்கும் வேளையில் ஜாஃபர் என்னும் அமைச்சன் இளவரசியைச் சிறைவைக்கிறான். தன்னை மணக்க வேண்டும், அல்லது மாள வேண்டும். முடிவெடுக்க ஒரு மணி நேரம் தருகிறான். நாயகன் நிலவறையில் அடைபட்டிருக்கிறான். பன்னிரண்டு நிலைகளைக் கடந்து, 60 நிமிடத்துக்குள் அவளிடம் சென்று சேர வேண்டும். நாயகன் எத்தனை முறை இறந்தாலும் அந்த நிலையின் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆடலாம். ஆனால் கழிந்த நிமிடங்கள் திரும்பி வாரா.

பாடவேளை 45 நிமிடம், விளையாட்டு 60 நிமிடம். கணக்கு எங்கே இடித்தது என்பது இப்போது விளங்குகிறது. ஆட்டத்தைச் சேமித்துவைத்து மறுநாள் தொடரும் வசதி அதில் இருந்தது. கையேடு இல்லாத எங்களுக்கு அது தெரியாது. ஒவ்வொரு முறையும் நிலவறையிலிருந்தே தொடங்கினோம். ஒவ்வொரு முறையும் மணியடித்தது. ஆறாவது நிலையைத் தாண்டியதில்லை. பிறகு பொதுத்தேர்வு, நுழைவுத் தேர்வு, மருத்துவக் கல்லூரி, மேற்படிப்பு, இரவுப் பணி. இளவரசன் அங்கேயே நின்றுவிட்டான்.

சென்ற ஆண்டு நம் கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு ஆறு வாரம் வீட்டில் இருக்க நேர்ந்தது. நாள்தோறும் மற்றவர்களுக்கு “ஓய்வெடுங்கள்” என்று எழுதிக்கொடுத்த நமக்கு, ஓய்வு எவ்வளவு கடினமானது என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் நாளிலேயே சுவரைப் பார்க்கச் சலித்துவிட்டது. பள்ளியில் படிக்கும் மகன், “உங்க காலத்துல என்னப்பா கேம் இருந்தது?” என்று கேட்டான். பெயரைச் சொன்னோம். பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவி, அவனே விளையாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

விரல்கள் மெதுவாகிவிட்டன. பதினேழு வயதில் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்ததை இப்போது செய்ய இயலவில்லை. ஆயினும் அன்று தெரியாத ஒன்று இன்று தெரிந்திருந்தது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டால் இளவரசன் ஓடமாட்டான். ஒரு சிற்றடி மட்டும் எடுத்துவைப்பான். தரையிலிருந்து கூர்முனைகள் சீறி எழும் இடங்களில், ஓடினால் சாவு. அப்படி அடியடியாய் நடந்தால் ஒன்றும் ஆகாது. பள்ளி நாட்களில் அந்த விசையைத் தொடக்கூட எங்களுக்குப் பொறுமை இருந்ததில்லை. இப்போது பாதி ஆட்டத்தை அதனாலேயே கடந்தோம்.

நிழலோடு போர்

முப்பது ஆண்டுகளுக்கு மேலான விளையாட்டின் முடிவைச் சொல்வது குற்றமாகாது என்று நம்புகிறோம்.

நான்காம் நிலையில் ஒரு கண்ணாடி வழியை மறைக்கிறது. அதன் ஊடே பாய்ந்தாக வேண்டும். பாய்ந்ததும் இளவரசனின் நிழல் மறுபுறமாகப் பிரிந்து ஓடுகிறது. அவனுடைய உயிர்வலிமையும் பெரும்பாலும் போய்விடுகிறது. அதன்பின் அந்நிழல் அவனுக்கு இடையூறு செய்துகொண்டே இருக்கிறது. அவனுக்கான மருந்தை எடுத்துக் குடித்துவிடுகிறது. வாயிற்கதவை மூடி அவனைப் பள்ளத்தில் விழச் செய்கிறது. பன்னிரண்டாம் நிலையில் இருவரும் நேருக்கு நேர் வாளேந்தி நிற்கிறார்கள்.

அங்கே நாம் நெடுநேரம் தோற்றோம். நிழலை வெட்டும் ஒவ்வொரு முறையும் நம் உயிர்வலிமையும் ஓர் அளவு குறைந்தது. நிழலைக் கொன்றால் நாமும் மாள்கிறோம். வாளை உறையிலிட்டு அதை நோக்கி நடப்பதே வழி என்பதை ஓர் இரவு முழுவதும் வீணாக்கிய பிறகே கண்டோம். நடந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதற்கப்பால் வெறும் பள்ளமாகத் தெரிந்த இடத்தில் கால்வைக்கக் கால்வைக்கத் தரை தோன்றுகிறது.

இந்த நிழல் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. புதிய எதிரி ஒருவனை வரைந்து சேர்க்க அந்தக் கணினியின் நினைவகத்தில் இடமில்லாமற் போயிற்று. ஆகவே ஏற்கனவே இருந்த இளவரசனின் உருவத்தையே சற்று மாற்றி மெக்னர் எதிரியாக்கினார். தத்துவம் பேச வேண்டும் என்று அவர் திட்டமிடவில்லை. இருந்த இடத்துக்குள் வேலையை முடித்தார்.

சிறுநீரக மருத்துவருக்கு இக்காட்சி வேறொன்றை நினைவூட்டாமல் இராது. நம்மிடம் வருவோரில் சிலருக்கு, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. லூபஸ் அத்தகைய நோய். வேறு பலருக்கு நோய் அப்படிப்பட்டதன்று. ஆனால் மனம் அப்படி ஆகிவிடுகிறது. டயாலிசிஸ் தொடங்கிய முதல் மாதங்களில் தம் உடம்பையே பகைவராகக் கருதுவோர் அநேகர். ஃபிஸ்டுலா கையைக் கண்ணால் பார்க்க மறுத்து முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் சிகிச்சையைத் தவறவிட்டு உடம்பைப் பழிவாங்குவார்கள். அந்த அடி யார்மேல் விழுகிறது என்பதை நாங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முடிவில்லாத சிகிச்சை

இனி அந்த அம்மையாரின் முறையீட்டுக்கு வருவோம்.

டயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். ஆண்டுக் கணக்கில் 600 மணி நேரத்துக்கு மேல் ஒரு மனிதர் ஒரே நிலையில், ஒரு கையை அசைக்காமல் இருக்க வேண்டும். காய்ச்சலுக்கு மருந்துண்டால் சில நாளில் குணமாகிறது; அறுவைக்குப் பின் தையல் பிரிக்கிறார்கள். டயாலிசிஸில் அப்படி ஒரு நாள் இல்லை. இன்றைய சிகிச்சை முடிந்ததும் அடுத்ததற்கான நாள் குறிக்கப்படுகிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து காத்திருப்போருக்கோ அந்த நாள் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல இயலாது.

இந்நோயாளிகளிடம் மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படுகிறது. அதற்குக் காரணம் பல. அவற்றுள் ஒன்று, எதையும் ‘முடித்தேன்’ என்று சொல்ல முடியாத வாழ்க்கை என்பது நம் கருத்து. வேலையைப் பாதியில் விட்டார்கள், பயணங்களை ரத்துசெய்தார்கள், கட்டத் தொடங்கிய மாடி செங்கல்லோடு நிற்கிறது. வாழ்வில் எல்லாம் பாதியில் நிற்கும்போது, மிகச் சிறிய ஒன்றாவது முழுமை பெறுவது மனிதருக்குத் தேவைப்படுகிறது. அது விளையாட்டாக இருந்தால் இழிவென்ன?

அந்தக் கணவர் ஆடியது ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. 1999இல் வெளிவந்தது. கல்லூரிக் காலத்தில் விடுதிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடினாராம். அதில் ஜோன் ஆஃப் ஆர்க்கின் வரலாறு ஆறு போர்களாக வருகிறது. ஐந்தை முடித்திருந்த நேரத்தில் தந்தையார் காலமானார். படிப்பு முடிந்ததும் குடும்பச் சுமை தோளில் ஏறியது. ஆறாவது போர் அப்படியே நின்றது. பின்னர் இரத்த அழுத்தம் வந்ததும், அதைக் கவனியாமல் விட்டதும், சிறுநீரகம் பழுதானதும் இம்மடலின் வாசகர்கள் பலருக்கும் தெரிந்த கதைதான்.

அந்த ஆறாவது போரில் ஒரு தனித்தன்மை இருக்கிறது. ஐந்தாவதன் முடிவிலேயே ஜோன் சிறைப்பட்டுவிடுகிறாள். வரலாற்றில் 1431இல் ரூவான் நகரில் அவளை எரித்துக் கொன்றார்கள். ஆறாவது போர், 1453இல் காஸ்டியோனில் பிரெஞ்சுப் படை பெற்ற வெற்றியைக் காட்டுவது. நாயகி இல்லாமலேயே அவள் தொடங்கியதை மற்றவர்கள் முடிக்கிறார்கள். “அந்தப் பொண்ணு இல்லாம எப்படி முடியும்னு பார்க்கணும் டாக்டர்” என்றார் அவர். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

‘பிறகு’ என்ற சொல்

மனம் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன்பு, நாம் இத்துறைக்கு வந்த புதிதில், இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் நம் சிகிச்சையில் இருந்தார். நாம் படுக்கைப் படுக்கையாகப் பார்த்துவரும்போது அவர் எப்போதும் ஒரு சிறிய விளையாட்டுக் கருவியில் குனிந்திருப்பார். ஒரு நாள் பரிசோதனை முடிவுகள் மோசமாக இருந்தன. அவர் கண்ணெடுத்துப் பார்க்காதது நமக்குச் சினத்தை மூட்டியது. “முதலில் உடம்பைப் பாருங்கள். விளையாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்தோம். அவர் அதை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். அதன்பின் நம் கண்ணில் அது படவேயில்லை.

சில மாதங்களில் கடுமையான நோய்த்தொற்றால் அவர் இறந்துபோனார். நம் கடிந்துரைக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்பதை மருத்துவராக அறிவோம். ஆயினும் அவருடைய பொருள்களைப் பெற்றுச் செல்ல வந்த தாயார், “கடைசிக் கட்டத்துக்கு வந்துட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான் சார், அப்புறம் ஏனோ விட்டுட்டான்” என்றபோது நமக்கு மறுமொழி இல்லாமற் போயிற்று.

பிறகு என்ற சொல்லை மருத்துவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்பவருக்கு எவ்வளவு ‘பிறகு’ கையில் இருக்கிறது என்பதை அளந்துவிட்டுச் சொல்வதில்லை. அன்று அவர் கண்ணெடுத்துப் பார்க்காதது அலட்சியம் என்று நினைத்தோம். முடிவுகளைக் கேட்க அஞ்சினார் என்பது இப்போது தோன்றுகிறது. கருவியைப் பறிக்காமல் பக்கத்தில் அமர்ந்து, எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால், பரிசோதனை முடிவையும் அவர் கேட்டிருப்பார்.

காலங்கடந்து முடித்தால் என்ன பயன் என்று வினவுவோர் உண்டு. உலகம் மறந்த விளையாட்டில் வென்று யாரிடம் சொல்வது? உலகம் அப்படி எளிதில் மறப்பதில்லை. மெக்னர் எழுதிய மூலநிரல் தொலைந்துபோயிற்று என்றே கருதப்பட்டது. 2012இல் அவருடைய தந்தையார் வீட்டு அலமாரியில் அந்தப் பழைய வட்டுகளைக் கண்டெடுத்தார். அந்நிரல் மீட்கப்பட்டு எல்லாரும் காணுமாறு வெளியிடப்பட்டது. நின்டெண்டோ கருவிக்கு 1989இல் வந்த டெட்ரிஸ் விளையாட்டை, மேற்கொண்டு இயங்க முடியாமல் அதுவே உறைந்துபோகும் இடம் வரை 2023 டிசம்பரில் ஆடிக்காட்டினான் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன். அந்த விளையாட்டு வெளிவந்தபோது அவன் பிறந்திருக்கவில்லை. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’க்கு 2022இல் வந்த புதிய இணைப்பில் முதலாம் இராசேந்திர சோழனின் படையெடுப்புகளே ஒரு தனிப் பகுதியாக இடம்பெற்றன. 23 ஆண்டுக்குப் பிறகு அந்தப் பழைய விளையாட்டுக்குள் சோழர் கப்பல் வந்து சேர்ந்திருக்கிறது.

முடிவுள்ளதும் முடிவற்றதும்

விளையாட்டெல்லாம் நன்று என்பது நம் வாதமன்று. பழைய விளையாட்டுகளை நாம் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் அவற்றுக்கு ஒரு முடிவு உண்டு என்பதே. கடைசி எதிரி வீழ்ந்ததும் திரை இருள்கிறது. நீங்கள் எழுந்து செல்லலாம். இன்று கைப்பேசியில் வரும் விளையாட்டுகள் பல அப்படிப்பட்டவையல்ல. நாள்தோறும் வந்தால் பரிசு, வராவிட்டால் இழப்பு, அடுத்த கட்டத்துக்குப் பணம் என்று அவை முடியாமலிருக்கவே வடிவமைக்கப்படுகின்றன. சிகிச்சையே முடிவில்லாமல் நீளும் ஒருவருக்கு இன்னொரு முடிவில்லாத சுழல் ஆறுதல் ஆகாது. பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. மருத்துவச் செலவால் ஏற்கனவே தளர்ந்த குடும்பத்தை அவை அடியோடு சாய்த்துவிடும்.

விளையாட்டு நோயாவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் அதற்கு இடம் அளித்திருக்கிறது. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு போய்விடுதல், மற்றெல்லாவற்றையும்விட அது முதன்மை பெறுதல், கேடு விளைவது தெரிந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதம் நீடித்தால் அது நோய். வாரத்தில் மூன்று நாள், சிகிச்சை நேரத்தில், ஒரு பழைய ஆட்டத்தை ஆடுபவரை அப்பட்டியலில் சேர்க்க முடியாது.

டயாலிசிஸின்போது ஆட விரும்புவோர் சிலவற்றைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். ஊசி உள்ள கை அசையக்கூடாது. ஆகவே ஒரு கையால் ஆடக்கூடியதையே தேர்ந்தெடுங்கள். ஊசி குத்திய இடத்தைப் போர்வையாலோ கருவியாலோ மறைக்காதீர்கள். அது செவிலியரின் கண்ணில் எப்போதும் பட வேண்டும். நினைத்தபோது நிறுத்திவைக்கக்கூடிய ஆட்டமாக இருக்கட்டும். தலைசுற்றல், வியர்வை, கால்தசைப் பிடிப்பு, நெஞ்சு படபடப்பு எது தோன்றினாலும் ஆட்டத்தை அந்த நொடியிலேயே விட்டுச் செவிலியரை அழையுங்கள். ‘இந்தக் கட்டம் முடியட்டும்’ என்று பொறுக்க வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் ஒளி மின்னும் விளையாட்டுகளை மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது. கருவியைக் கொண்டுவரும்போதும் எடுத்துச்செல்லும்போதும் துடைத்துக்கொள்ளுங்கள்; டயாலிசிஸ் எந்திரத்தின்மேல் வைக்காதீர்கள்.

வீட்டில் ஆடும்போது வேறோர் ஆபத்து இருக்கிறது. கண் திரையில் இருக்க, கை தட்டுக்குப் போகும். சிப்ஸ், முறுக்கு, குளிர்பானம் என்று தெரியாமலே உள்ளே இறங்கிவிடும். உப்பும் பொட்டாசியமும் நீரும் அளந்து கொள்ள வேண்டியவர்களுக்கு விளையாட்டைவிட அந்தத் தட்டுதான் பகை. உறங்கும் நேரத்தை விளையாட்டுக்குக் கொடுப்பதும் கூடாது.

கூடை

அம்மையாரின் பேச்சிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம். அடுத்த வாரம் அவரிடம் தனியே பேசினோம். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது மேலெழுந்த காரணம்தான். கணவர் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் நான்கு மணி நேரமும் அவர் வெளியே இரும்பு நாற்காலியில் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு விளையாட்டும் இல்லை. “அவருக்காவது பொழுது போகுது டாக்டர்” என்றார். நோயாளியின் நேரத்தைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்த நாம், அதே 600 மணி நேரத்தை வெளியே கழிப்பவரை எண்ணிப் பார்க்கவில்லை.

“நீங்க பாதியில விட்டது எதுவும் இருக்காம்மா?” என்று கேட்டோம். நெடுநேரம் யோசித்தார். திருமணத்துக்கு முன்பு ஒயர் கூடை பின்னக் கற்றுக்கொண்டாராம். சிவன் கண் பின்னலில் ஒரு கூடையைத் தொடங்கி, அடியும் கால் பங்கும் ஆன நிலையில் பரணில் போட்டுவிட்டதாகச் சொன்னார். வேறெதையோ சொல்ல வந்து, அத்துடன் நிறுத்திக்கொண்டார். நாமும் வற்புறுத்தவில்லை.

குடும்பத்தாரிடம் நாம் வேண்டுவது இதுதான். உங்கள் நோயாளியிடம், மருந்து உண்டாயா, தண்ணீர் எவ்வளவு குடித்தாய் என்று கேட்கும் வரிசையில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எதைப் பாதியில் விட்டாய்? விடை விளையாட்டாக இருக்க வேண்டியதில்லை. வாசித்து நிறுத்திய நாவலாக இருக்கலாம். கற்று விட்ட வீணையாக இருக்கலாம். முடிக்க விருப்பமில்லை என்பதும் ஒரு விடையே, அதையும் மதியுங்கள். எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டும் என்று ஒருவரை நெருக்குவது புதிய சுமை. அந்தக் கேள்வியை உங்களிடமே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருப்போரின் பொழுதும் பொழுதுதான்.

எங்கள் துறையினரிடமும் ஒரு சொல். குறிப்பேட்டில் எடையும் இரத்த அழுத்தமும் எழுதும் பக்கத்தில், இவர் இப்போது எதை முடிக்க முயல்கிறார் என்று ஒரு வரி எழுதிவைப்போம். நாம் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த முறை அவர் படுக்கையருகே நிற்கும்போது பேச்சைத் தொடங்க அந்த ஒரு வரி போதுமானதாக இருக்கிறது.

காஸ்டியோன் போரை அவர் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வென்றார். அன்று சிகிச்சை முடியும் வரை மடிக்கணினியை மூடவில்லை. செவிலியர் ஒவ்வொருவரையும் அழைத்து வெற்றித் திரையைக் காட்டினார். இப்போது இராசேந்திர சோழனைத் தொடங்கியிருக்கிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பதிவு அப்படியே இருக்கிறது. அழைப்பு இன்னும் வரவில்லை. அம்மையாரின் சிவன் கண் கூடை அதற்கு முந்திய வாரமே முடிந்துவிட்டது. பச்சையும் வெள்ளையும் கலந்த அந்தக் கூடையில்தான் கணவரின் போர்வையும், பரிசோதனைத் தாள்களும், மடிக்கணினியும் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் நம் பிரிவுக்கு வருகின்றன.